பளி: சீம்பால் கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் மூன்று வழி

குஜராத்தில் பசுவோ எருமையோ கன்று போட்ட வீட்டில் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு தட்டு பளி வெந்துவிடும். பரி என்றும் சொல்வார்கள். சீம்பாலில் சர்க்கரை கரைத்து, ஏலக்காயும் ஜாதிக்காயும் தட்டிப் போட்டு, ஆவியில் அவித்து, ஆறிய பிறகு வில்லை போடுகிற இனிப்பு. மாவு இல்லை, முட்டை இல்லை, கிளறுகிற வேலையும் இல்லை. மகாராஷ்டிரத்தில் இதே பண்டம் கர்வஸ், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஜுன்னு, கர்நாடகத்தில் கின்னு. நம் ஊர்ப்பக்கம் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு சீம்பாலைத் திரட்டிச் சாப்பிட்டவர்களுக்கு இதன் ருசியை விளக்கவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், மாடு இல்லாத வீட்டுக்குச் சீம்பால் வராது. பாக்கெட்டில் வருகிற பாலில் அது இருக்கவும் கூடாது. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் பாலுக்குத் தரும் விளக்கத்திலேயே சீம்பால் கலவாதது என்ற நிபந்தனை உண்டு. ஆனந்தில் 1946இல் தொடங்கிய கேடா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் பிற்பாடு அமுல் என்ற பெயரில் குஜராத்தின் பாலை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சீம்பால் மட்டும் அந்த கேன்களில் ஏறவில்லை. கன்று போட்ட வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் செலவாகிற சரக்காகவே அது நின்றுவிட்டது.

அதனால் அகமதாபாத், சூரத் மாதிரி நகரத்துச் சமையலறைகளில் பளிக்கு மாற்று வழிகள் பிறந்தன. கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும் சேர்த்து அவிப்பது ஒன்று. பால் பொடியோடு கார்ன்ஃப்ளார் கலந்து அவிப்பது இன்னொன்று. சைனா கிராஸ், அதாவது கடல்பாசி, காய்ச்சி ஊற்றி உறைய வைப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பெயர் பளி என்றுதான் போடுகிறார்கள். மூன்றும் வெள்ளையாக, வில்லையாக, மேலே பிஸ்தா தூவித் தட்டில் உட்கார்ந்திருக்கும். வாயில் போட்டால்தான் தெரியும், மூன்றும் மூன்று வேறு இனிப்புகள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீம்பால் கிடைத்தால் முதல் கறவையைக் கேட்காதீர்கள், இரண்டாம் நாள் பாலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தயிர் வழி. சைனா கிராஸ் கெட்ட இனிப்பு இல்லை, ஆனால் அதைப் பளி என்று பரிமாறினால் பளி தெரிந்தவர் ஒரு வில்லைக்கு மேல் எடுக்க மாட்டார்.

சீம்பால் ஏன் இறுகுகிறது

சாதாரணப் பாலை எவ்வளவு நேரம் அவித்தாலும் அது இறுகாது. ஆடை கட்டும், சுண்டும், அவ்வளவுதான். பாலில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அது சூட்டுக்கு அசையாது. அசைவது மோர்த்தெளிவில் இருக்கிற புரதங்கள். அவை சாதாரணப் பாலில் மொத்தமாக முக்கால் சதவீதம்கூட இருக்காது.

சீம்பாலில் கணக்கே வேறு. ஹோல்ஸ்டீன் பசுக்களில் எடுத்த அளவுகளின்படி, முதல் கறவையில் புரதம் சுமார் 14 சதவீதம், இரண்டாம் கறவையில் 8.4, மூன்றாம் கறவையில் 5.1. வழக்கமான பாலில் 3 சொச்சம். கூடுதலாக வருகிற புரதத்தில் பெரும்பகுதி கன்றுக்கான நோய் எதிர்ப்புப் புரதங்கள். அவை முதல் கறவையில் மட்டும் 6 சதவீதம் இருக்கும். இந்தப் புரதங்களெல்லாம் 70, 80 டிகிரி சூட்டில் சுருள் அவிழ்ந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வலையாகின்றன. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. பளியின் உடம்பு என்பது இந்த வலைதான். அடுத்து வரும் மாற்று வழிகள் ஒவ்வொன்றும் இந்த வலைக்குப் பதில் வேறு எதையோ வைக்கின்றன. அந்த இடத்தில்தான் ருசியும் பிரிகிறது.

இன்னொன்று: சீம்பாலில் பால் சர்க்கரை குறைவு. முதல் கறவையில் 2.7 சதவீதம், சாதாரணப் பாலில் கிட்டத்தட்ட 5. அதனால் சர்க்கரை போடாத பளி லேசாக உப்புக் கரிக்கும். இனிப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்வது இதனால்தான்.

முதல் வழி: சீம்பால் பளி

எல்லாரும் முதல் கறவைதான் சிறந்தது என்பார்கள். கெட்டி அதில்தான் அதிகம், உண்மை. ஆனால் அதை அப்படியே அவித்தால் பளி வராது, ரப்பர் வரும். எப்படியும் பால் விட்டு நீர்க்க வைத்துத்தான் ஆக வேண்டும். முதல் கறவை ஒரு பங்குக்குச் சாதாரணப் பால் இரண்டிலிருந்து மூன்று பங்கு, இரண்டாம் கறவைக்குச் சரிபாதிப் பால், மூன்றாம் கறவைக்கு ஒன்றும் வேண்டாம். மேலே சொன்ன புரத அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கலந்து முடித்த பாலில் புரதம் 5 முதல் 7 சதவீதம். கையளவாக வழிவழியாக வந்த விகிதம் கணக்கோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் இரண்டாம் நாள் காலைப் பாலே நேராகப் பளிப் பக்குவத்தில் இருக்கிறது. பால் கலக்கும் வேலையே இல்லை. கன்றுக்கும் அதுதான் நல்லது. மாட்டினத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே கன்றுக்குப் போய்விடுவதில்லை. பிறந்த பிறகு குடிக்கிற சீம்பாலில்தான் போக வேண்டும். அதை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் 24 மணி நேரம்தான் இருக்கும். மணிக்கு மணி அது குறைந்துகொண்டே போகும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முதல் நாளே ஊட்டச் சொல்கிறார்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கறக்கிற கலப்பினப் பசுவில் அதற்கு மேல் மிஞ்சலாம். குறைவாகக் கறக்கும் நாட்டு மாட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான். முதல் நாள் பாலுக்குக் கன்றோடு போட்டி போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பசுவா எருமையா? குஜராத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கிர், காங்க்ரேஜ் பசுக்கள் ஒரு பக்கம். மெஹ்சானா, சுர்தி, ஜாஃப்ராபாதி, கட்ச்சின் பன்னி எருமைகள் இன்னொரு பக்கம். பசுவின் சீம்பால் நல்ல மஞ்சள். பளியும் குங்குமப்பூ போட்டது போல் வரும். எருமை, தீவனத்திலிருக்கும் கரோட்டினை வைட்டமின் ஏவாக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளையாகவே இருக்கும். பளியும் வெள்ளைதான். ஆனால் கொழுப்பு அதிகம், வில்லை இன்னும் திடமாக நிற்கும், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு எருமைதான். நிறம் வேண்டுமென்றால் நாலு இழை குங்குமப்பூவைப் பாலில் ஊறவைத்து விட்டால் போகிறது.

அளவு: பக்குவத்துக்குக் கலந்த பால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 125 முதல் 150 கிராம், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், ஜாதிக்காய் நாலைந்து உரசல். ஜாதிக்காயை விட்டுவிடாதீர்கள். சீம்பாலுக்கென்று ஒரு மாட்டு வாடை உண்டு, அதை அடக்குவது ஏலக்காய் இல்லை, ஜாதிக்காய்தான். சர்க்கரையைப் பச்சைப் பாலிலேயே கரைக்க வேண்டும். சூடு காட்டிக் கரைக்கலாம் என்று அடுப்பில் வைத்தால் பாத்திரத்தின் அடியில் இருப்பது அங்கேயே திரிந்துவிடும். வெல்லம் போடுவதானால் பொடித்து, குளிர்ந்த பாலில் கரைத்து, கல்லும் மண்ணும் போக வடிகட்டி விடுங்கள்.

பால்காரர் சொல்லும் "நேத்து கன்னு போட்டுச்சு" என்பதை அப்படியே நம்பி ஒரு லிட்டரையும் தட்டில் ஊற்றிவிட வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றி முதலில் அவித்துப் பாருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிண்ணத்தைச் சாய்த்தால் மேற்பரப்பு அசையாமல் நின்று, விரலால் அழுத்தும்போது லேசாக அமுங்கித் திரும்பினால் சரியான பக்குவம். விரலை எதிர்த்துத் தள்ளினால் இன்னும் பால் சேர்க்க வேண்டும். தளதளவென்று ஓடினால் சீம்பாலில் பலம் போதவில்லை. கூடுதல் சீம்பால் இருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் கொஞ்சம் பால் பொடி விட்டு ஒப்பேற்றலாம்.

நன்றாக வந்த பளியைக் கத்தியால் வெட்டினால் வெட்டு முகத்தில் பொடிப்பொடித் துளைகள் தெரியும். ஓரத்தில் தெளிவான நீர் ஒரு கோடு மாதிரிக் கசியும். பல் படும்போது மிக மெல்லிய ஒரு நறுநறுப்பு, உடனே கரைவது. பனீருக்கும் கடைந்த தயிருக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தால் அது இதுதான். மாற்று வழிகளை இந்தப் பல் படும் நொடியில் வைத்துத்தான் நான் மதிப்பிடுகிறேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கறவை வற்றும்போது மடிநோய் வராமலிருக்க மாட்டின் காம்பில் மருந்து ஏற்றியிருந்தால் அதன் மிச்சம் சீம்பாலில் வரலாம். வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பச்சையாக ருசி பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

இரண்டாம் வழி: கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும்

எல்லா வீடுகளிலும் ஓடுகிற சூத்திரம் சுலபம். கண்டென்ஸ்டு மில்க் ஒரு கப், தயிர் ஒரு கப், பால் ஒரு கப். கலக்கு, அவி, ஆறவை. தயிர் இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் அவித்தால் ஒரு மணி நேரம் கழித்தும் அது பாலாகத்தான் இருக்கும். இறுகுவதற்குக் காரணம் தயிர். புளிப்பு ஏறும்போது கேசீன் தன் பிடிமானத்தை விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. தயிராக உறைந்தபோதே அந்த வேலை முடிந்துவிட்டது. ஆவி அதை இன்னும் இறுக்குகிறது. அதாவது சீம்பாலில் சூடு செய்த வேலையை இங்கே புளிப்பும் சூடும் சேர்ந்து செய்கின்றன.

நேர்மையாகச் சொன்னால் இது வங்காளிகள் தயிரை ஆவியில் அவித்துச் செய்கிற பாபா தொய், பளியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஆனாலும் பளிக்கு மிக நெருக்கமான மாற்று இதுவே. பால் புரதமே வலையாகிறது, ஆவியிலேயே வேகிறது, வெட்டினால் நீர் கசிகிறது, பல்லுக்கு ஒரு பொரிபொரிப்பு இருக்கிறது. குறை இரண்டு: புளிப்பு, திகட்டல்.

புளிப்புக்கு மருந்து, அன்று காலை உறைந்த தயிர். முதல் நாள் தயிர் என்றால் எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் பின்னால் வந்து குத்தும். தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் புளித்த நீர் பாதி இறங்கிவிடும். வெளியே வேண்டாம், ஃபிரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியில் வைத்து வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நீர் இறங்க இறங்கப் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

திகட்டலுக்குக் காரணம் அந்தச் சம அளவுச் சூத்திரம். டின்னில் இருப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை. மூன்றும் சமமாக எடுத்தால் கலவையில் 16, 17 சதவீதம் சர்க்கரை வந்துவிடுகிறது. சீம்பால் பளியில் அது 11 முதல் 13தான். அதனால் டின்னை முக்கால் கப்பாகக் குறைத்து, போன கெட்டித்தன்மைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி பால் பொடி சேர்க்கிறேன். பால் முழுக் கொழுப்புள்ளதாக இருக்கட்டும். பொடியைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு தயிர், கடைசியாகக் கண்டென்ஸ்டு மில்க் என்ற வரிசையில் கலந்தால் வேலை சுளுவு. மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். நுரை கட்டி, வெந்த பிறகு மேல்பக்கம் முழுக்கக் குழிகுழியாக நிற்கும். கைக்கரண்டியால் கலக்கி ஒருமுறை வடிகட்டினால் போதும்.

மில்க்மெய்டா மித்தாய் மேட்டா என்று கேட்பவர்களுக்கு: இந்த இனிப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, கடையில் இருப்பதை வாங்குங்கள்.

இதில் ஜாதிக்காயைக் குறைத்துக்கொள்ளலாம், மாட்டு வாடை இல்லையே. அந்த வாடைக்கு ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழியில் மருந்தில்லை.

மூன்றாம் வழி: பால் பொடியும் மாவும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பாலில் பால் பொடி, சர்க்கரை, இரண்டு கரண்டி கார்ன்ஃப்ளாரோ கஸ்டர்டு பவுடரோ கலந்து அவிப்பது. இறுகுவது மாவுப் பசையால். வெந்து ஆறினால் வழவழவென்று, அழுத்தினால் குழைகிற ஒரு புட்டிங் கிடைக்கும். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும். பளியின் நறுநறுப்பு மருந்துக்கும் இருக்காது. சரியாக வேகாவிட்டால் மாவு வாசனை வேறு. தயிர் ஆகாதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

இந்த வழிக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கைவிரித்திருந்த காலத்தில், அதைச் செய்து காட்டியவர் ஆனந்தில் இருந்த பால் தொழில்நுட்ப வல்லுநர் எச்.எம். தலாயா. அங்கே அமைந்த பால் பொடித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்தார். பளியில் பால் பொடி ஏறியதை ஊர்க்காரர்கள் குறை சொன்னால், அதுவும் உங்கள் ஊர்ச் சரக்குதான் என்று பதில் சொல்லலாம்.

நான்காம் வழி: சைனா கிராஸ்

பார்க்க மிக அழகாக வருவது இதுதான். வில்லையின் நான்கு முனையும் கத்தி முனை மாதிரி நிற்கும். கல்யாண விருந்துக் கவுன்ட்டர்களுக்கு ஏற்றது. காரணம், கடல்பாசியின் குணம். 35, 40 டிகிரிக்கு ஆறும்போதே இறுகிவிடும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். மே மாதத்து அகமதாபாத் வெயிலில் வெளியே வைத்தாலும் வில்லை வில்லையாகவே இருக்கும். ஜெலட்டினைப் போல எலும்பு, தோலிலிருந்து எடுப்பதும் இல்லை என்பதால் சைவக் குடும்பங்களில் தயக்கமில்லாமல் வாங்குவார்கள்.

செய்முறையில் ஆவிக்கு இடமே இல்லை. 10 கிராம் சைனா கிராஸைக் கிள்ளிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சின்னத் தீயில் ஒரு இழைகூடத் தெரியாத வரை காய்ச்ச வேண்டும். இன்னொரு அடுப்பில் முக்கால் லிட்டர் பாலைச் சர்க்கரையோடு காய்ச்சி, கொதிக்கிற பாலில் கொதிக்கிற கரைசலை வடிகட்டி ஊற்றி, ஒரு கொதி விட்டு இறக்கித் தட்டில் ஊற்றுவது. பால் ஆறிப்போயிருந்தால் ஊற்றிய இடத்திலேயே கரைசல் நூல்நூலாக உறையும். அப்புறம் அதைக் கரைக்க எல்லாவற்றையும் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும்.

இங்கே பாலுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் விஷயம். பாசியின் வலைக்குள் பால் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. கடித்தால் நெறுக்கென்று உடையும், துண்டு துண்டாக நாக்கில் உருளும், கரையாது. ரம்ஜான் நோன்புக் காலத்தில் நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசியைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குளிர்ந்த நெறுக்கு நன்றாகத் தெரியும். அந்த இனிப்பு அதன் இடத்தில் அருமையான இனிப்பு. இளநீரிலும் ரோஸ் பாலிலும் அந்த உடைகிற குணமே அழகு. பளி என்று எதிர்பார்த்து வாயில் போடுகிறவருக்கு அதே குணம் ஏமாற்றம்.

இந்தச் சைனா கிராஸ் குஜராத்துக்கு அந்நியமும் இல்லை. கடற்பாசி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது பாவ்நகரில். அதன் கிளை நிலையம் ஒன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசியும் சைனா கிராஸுக்கு மூலப்பொருள்தான்.

சைனா கிராஸ் பளியைக் கொஞ்சம் தேற்ற ஒரு வழி உண்டு. 10 கிராமை 6 கிராமாகக் குறைத்து, பாலை முக்கால் பங்காகச் சுண்டவைத்துச் சேர்த்தால் நெறுக்கு குறைந்து மென்மை வரும். வில்லை அவ்வளவு நேராக நிற்காது. கிண்ணத்தில் உறைய வைத்துக் கரண்டியோடு கொடுத்துவிடலாம்.

கேட்க வாய்ப்புள்ள இன்னும் இரண்டு

முட்டை சாப்பிடும் வீடு என்றால் அமைப்பில் சீம்பாலுக்கு நெருங்கிய உறவு முட்டை வெள்ளைக்கரு. அதுவும் சூட்டில் சுருள் அவிழ்ந்து வலையாகிற புரதம்தான். குஜராத்தி வீட்டு விருந்தாளிக்கு இதைப் பளி என்று கொடுத்துவிடாதீர்கள், வம்பாகிவிடும்.

சீம்பால் பொடி என்று இணையத்தில் விற்கிறார்கள். மிதமான சூட்டில் உலர்த்திய நிஜச் சீம்பால் பொடி என்றால் இறுகும். கர்வஸ் மிக்ஸ், ஜுன்னு மிக்ஸ் என்று வருகிறவற்றில் பொருள் பட்டியலைப் பாருங்கள். பால் பொடி, சர்க்கரை, ஸ்டார்ச் என்று தொடங்கினால் மூன்றாம் வழியைத்தான் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பாத்திரம்: தோக்ளாப் பானையா, இட்லிக் கொப்பரையா, குக்கரா

சீம்பால் பளிக்கும் தயிர்ப் பளிக்கும் பாத்திரத் தேர்வு கிட்டத்தட்டப் பொருள் தேர்வு அளவுக்கு முக்கியம். குஜராத்தி வீடுகளில் இருக்கும் தோக்ளியு, அதாவது தோக்ளா அவிக்கிற பானை, இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். அகலமான பானை, உள்ளே ஒரு தாங்கி, அதன்மேல் ஓரம் தூக்கிய தட்டையான தட்டு. தட்டு ஆழமில்லாதது என்பதுதான் ரகசியம். ஒரு அங்குல உயரத்துக்கு ஊற்றினால் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேகும். ஆழமான டப்பாவில் ஊற்றினால் நடு வேகும்போது ஓரம் முற்றிப்போய்விடும்.

இட்லிக் கொப்பரை அதே வேலையைச் செய்யும். இட்லித் தட்டுகளை எடுத்துவிட்டு, அடியில் ஒரு வளையம் போட்டு, கேக் தட்டோ அகலமான எவர்சில்வர் தட்டோ வைத்தால் போதும். இட்லிக் குழியிலேயே ஊற்றிக் குட்டிக் குட்டிப் பளியாகவும் எடுக்கலாம். பார்க்க அழகு, எட்டுப் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் ஓட்டையுள்ள தட்டு வேண்டாம்.

குக்கர் மூன்றாம் பட்சம். வெயிட் போடாமல் அவித்தால் பரவாயில்லை. வெயிட் போட்டால் உள்ளே 120 டிகிரி வரை ஏறும். வலை இறுகி நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடும். திறந்து பார்த்தால் பெரிய பெரிய ஓட்டையோடு ஒரு கட்டி, சுற்றிலும் தண்ணீர்.

எந்தப் பாத்திரமானாலும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டை வைத்து, தீயைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு துணி கட்டுங்கள். மூடியிலிருந்து சொட்டுகிற நீர் பளியின் மேல் விழுந்தால் விழுந்த இடமெல்லாம் பள்ளம். சீம்பால் பளிக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம், தயிர்ப் பளிக்கு இருபது முதல் இருபத்தைந்து. நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் பாலாக ஒட்டக் கூடாது. தெளிந்த நீர் ஒட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே அடுப்பை அணைத்து மூடியோடு ஐந்து நிமிடம் விடுவது என் வழக்கம். மிச்சச் சூட்டில் அதுவே முடிந்துவிடும்.

சூட்டோடு வெட்ட முயன்றால் எந்தப் பளியும் உதிரும். முழுக்க ஆறவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து வெட்டினால் கத்தி சுத்தமாக இறங்கும். சீம்பால் பளி மூடிவைத்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் நிற்கும். தயிர்ப் பளி மறுநாளே கொஞ்சம் புளிப்புக் காட்டத் தொடங்கும், செய்த அன்றே முடிப்பது உத்தமம். சைனா கிராஸை மட்டும் மறந்தும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உருகும்போது தண்ணீர் தனி, பஞ்சு தனி. சீம்பால் பளியின் தட்டில் கசிந்து நிற்கும் இனிப்பு நீரைச் சிலர் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரை, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் இறங்கிய நீர் அது, பரிமாறும்போது வில்லையின் மேலேயே ஒரு கரண்டி ஊற்றிக் கொடுங்கள்.